குழியிலிருந்து சிலேட்டுக்கு

(பனவடலிசத்திரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ பேசுவதுதான் வழக்கம். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைகள் எண்ணக் கற்பதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். உடனே சம்மதித்த இந்த அவைக்கு என் நன்றி. ஒரு பிள்ளைக்குக் கணக்கு வரும், வராது என்று நாம் ஐந்தாம் வகுப்பில் தீர்ப்பு எழுதுகிறோம். ஆனால் அதன் வேர் நான்கு வயதில், தரையில் உட்கார்ந்து விளையாடும் நேரத்தில் இறங்குகிறது. அந்த வயதுக்குப் பெரியவர்கள் தரும் கவனம் மிகக் குறைவு என்ற ஆதங்கத்தோடுதான் வந்திருக்கிறேன்.

இந்த வட்டாரத்தில் இந்தப் பொருளைப் பேச எனக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். 1902-இல் சங்கரன்கோவிலில் பிறந்த தேவநேயப் பாவாணர். சொல்லாராய்ச்சிக்காகவே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். 1954-இல் அவர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்று ஒரு நூல் வெளியிட்டார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அதில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆடுவார் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை என்று ஒழுங்காகப் பிரித்து எழுதியிருக்கிறார். பகலாட்டு, இரவாட்டு என்று வேறு வகைப்படுத்தியிருக்கிறார். ஒரு பெரும்புலவர், பிள்ளைகள் தெருவில் ஆடுவதை இலக்கண நூலுக்குத் தரும் அதே மதிப்போடு பதிவு செய்தது சாதாரணமான காரியம் இல்லை. அவர் பதிந்து வைத்த ஆட்டங்களுக்குள் கணக்கு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பது நம் வேலை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எண்ணுவது என்றால் என்ன? வீட்டுக்கு விருந்தாளி வந்தால், “மாமாவுக்கு ஒண்ணு ரெண்டு சொல்லிக் காட்டு” என்போம். பிள்ளையும் இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும். எல்லோரும் கைதட்டுவோம். அதே பிள்ளையிடம், “அடுக்களையில இருந்து நாலு கரண்டி எடுத்துட்டு வா” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு கைக்கும் கொள்ளுமட்டும் அள்ளிக்கொண்டு வரும். பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை. எண்களின் பெயர் வரிசை அதற்குத் தெரியும். நான்கு என்பது எவ்வளவு என்பது இன்னும் பிடிபடவில்லை. இரண்டும் வேறு வேறு அறிவு.

கேரன் வின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைத்தான் சோதித்தார். பொம்மைக் குவியலிலிருந்து ஒன்று கொடு, இரண்டு கொடு, மூன்று கொடு என்று சிறு பிள்ளைகளிடம் கேட்டார். ஒன்று மட்டும் சரியாகக் கொடுக்கும் பிள்ளை, பல மாதம் கழித்து இரண்டைக் கொடுக்கிறது. பிறகு மூன்று. அதன்பின் ஒரு கட்டத்தில், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. அதற்குமேல் எத்தனை கேட்டாலும் எண்ணி எடுத்துத் தருகிறது. ஒப்பிக்கப் பழகிய நாளுக்கும் இந்த நாளுக்கும் நடுவே ஓராண்டு, சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் ஆகலாம். அந்த ஓராண்டில் நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் கோடு போட்ட நோட்டில் ஒன்று முதல் நூறு வரை எழுதவைக்கிறோம்.

வின் ஆய்வுக்கு முன்பே, 1978-இல், கெல்மன், காலிஸ்டல் என்ற இருவர் எண்ணுதலுக்கு உள்ளே இருக்கும் விதிகளைப் பிரித்துச் சொன்னார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். சொற்களின் வரிசை மாறக்கூடாது. கடைசிச் சொல்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் விடை ஒன்றுதான். நமக்கு இவை சொல்லத் தேவையில்லாத அளவுக்குப் பழகிவிட்டவை. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு கண்டுபிடிப்பு.

வரிசை மாறக்கூடாது என்ற விதியை எடுத்துக்கொள்வோம். களத்துமேட்டில் நெல் அளந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். மரக்காலால் அளக்கும்போது முதல் அளவுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். அடுத்தது இரண்டு. தாயத்திலும் ஒன்று விழுந்தால் தாயம் என்றுதான் கத்துவோம். இதனால் எந்தப் பிள்ளையும் குழம்பியதில்லை. முதலிடத்தில் எந்தச் சொல் நின்றாலும் வரிசை மாறாமல் இருந்தால் எண்ணிக்கை சரியாக வரும் என்பதைக் களத்து ஓரத்தில் நின்ற பிள்ளை காதாலேயே கற்றுக்கொண்டுவிட்டது.

இனி பல்லாங்குழி. கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த வயதுக்கு இதைவிடச் சிறந்த கணக்குக் கருவியை நான் பார்த்ததில்லை. வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை, பதினான்கு குழி. குழிக்கு ஐந்து புளியமுத்து, ஆக எழுபது. ஊருக்கு ஊர் முத்தின் எண்ணிக்கையும் விதியும் மாறும். நான் சொல்வது ஐந்து போட்டு ஆடும் ஆட்டம். பலகை இல்லையென்றால் மண்ணில் குழி தோண்டினால் போதும். பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில்கூட இந்தக் குழிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஓர் ஆச்சியும் ஐந்து வயதுப் பேத்தியும் ஆடுவதைக் கவனித்துப் பாருங்கள். பேத்தி ஒரு குழியிலிருந்து ஐந்தையும் அள்ளுகிறாள். அவசரத்தில் ஒரு குழியில் இரண்டு முத்து விழுந்துவிடுகிறது. ஆச்சி கையைப் பிடிக்கிறார். “ஏட்டி, ஒவ்வொண்ணா போடு. குழிக்கு ஒண்ணுதான்.” கெல்மன் எழுதிய முதல் விதி இதுதான். அதை ஆச்சி பாடமாக நடத்தவில்லை, ஆட்டம் கெட்டுப்போகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறார். பிள்ளையும் அதற்காகத்தான் கேட்கிறாள். குழிக்கு ஒன்று என்ற ஒழுங்கு விரலில் ஏறிவிட்டால், பொருளுக்கு ஒரு சொல் என்ற ஒழுங்கு வாயில் ஏற வெகுநாள் ஆகாது.

கையில் முத்து தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி ஆட்டம் தொடரும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதை விரலால் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளதைத் தனதாக்கிக்கொள்ளலாம். ஒன்றும் இல்லாத குழிக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள். பூச்சியம் என்ற கருத்தை எட்டு வயதுப் பிள்ளைக்கு விளக்கத் திணறுகிறோம். இங்கே ஐந்து வயதுப் பிள்ளை வெறுங்குழி எங்கே இருக்கிறது என்று ஆவலோடு தேடுகிறாள்.

காலியான குழியில் ஒன்று ஒன்றாக விழுந்து நான்கு சேர்ந்தால் அது பசு. அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். எதிராளி ஆடிக்கொண்டிருக்கும்போதே பேத்தியின் கண் தன் குழிகள்மேல் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. “ஆச்சி, இன்னும் ஒண்ணு விழுந்தா பசு!” என்று கத்துகிறாள். மூன்றோடு ஒன்று சேர்ந்தால் நான்கு என்பதை அவள் யாரிடமும் படிக்கவில்லை, எதிர்பார்த்துக் காத்திருந்து கற்றுக்கொண்டாள். அந்த மூன்றையும் விரல் வைத்து எண்ணவும் இல்லை, பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சிறு கூட்டத்தை எண்ணாமலே கண்டுகொள்ளும் இந்தத் திறன்தான் பின்னால் கூட்டலுக்கு அடித்தளம்.

ஆட்டம் முடிந்ததும் இன்னும் நல்ல கணக்கு இருக்கிறது. இருவரும் தங்கள் முத்துகளைக் குழிக்கு ஐந்தாக நிரப்புகிறார்கள். ஆச்சியிடம் முப்பத்தெட்டு என்றால் ஏழு குழியும் நிரம்பி மூன்று மிஞ்சும். பேத்தியிடம் உள்ள முப்பத்திரண்டு ஆறு குழியை நிரப்பும், இரண்டு மிஞ்சும். ஏழாவது குழிக்குப் போதவில்லை, அடுத்த ஆட்டத்தில் அந்தக் குழி அவளுக்கு இல்லை. வகுத்தல், ஈவு, மீதி எல்லாம் ஒரு தோல்வியின் வருத்தத்தோடு சேர்ந்து மனத்தில் பதிகின்றன. அந்த ஒரு குழியை மீட்க அவள் அடுத்த நாள் இன்னும் கவனமாக ஆடுவாள்.

சொட்டாங்கல்லையும் சொல்லாமல் விடக்கூடாது. சிலர் தட்டாங்கல் என்பார்கள். ஐந்து கல். ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் தரையில் உள்ள நான்கைப் பொறுக்க வேண்டும். முதல் முறை ஒவ்வொன்றாக, அடுத்து இரண்டு இரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் ஒரே அள்ளாக. நான்கை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் வரும். அதைச் சொட்டாங்கல் ஆடும் பெண்பிள்ளைகள் கல் காற்றில் இருக்கும் நேரத்துக்குள் செய்து முடித்துவிடுகிறார்கள். தாயக்கட்டையில் மூன்று புள்ளியும் இரண்டு புள்ளியும் விழுந்தால் ஐந்து என்று கத்துவதும் இதே வகைதான்.

இவ்வளவு சொன்ன பிறகு, நம் விளையாட்டிலேயே எல்லாம் இருக்கிறது, பிள்ளைகளை விளையாட விட்டால் கணக்கு தானாக வந்துவிடும் என்று நான் முடித்துவிட்டால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அது உண்மையாக இருக்காது. அதைப் பேசத்தான் வந்தேன்.

டெல்லியில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ, குழந்தைகளின் எண்ணறிவைப் பல காலமாக ஆராய்ந்துவரும் எலிசபெத் ஸ்பெல்கி, மொய்ரா டில்லன், ஹரிணி கண்ணன், ஜோஷுவா டீன் ஆகியோர் நடத்தினார்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் 214 பாலர் பள்ளிகள், 1,540 பிள்ளைகள். புள்ளிக் கூட்டங்களில் எது பெரிது என்று சொல்வது, வடிவங்களில் பொருந்தாததைக் கண்டுபிடிப்பது போன்ற கணக்கு விளையாட்டுகளைப் பிள்ளைகள் நான்கு மாதம் ஆடினார்கள். முடிவு 2017-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. விளையாடிய பிள்ளைகளின் அளவுணர்வும் வடிவ உணர்வும் கூர்மையாயின. அந்தக் கூர்மை ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. ஆனால் அவர்கள் தொடக்கப்பள்ளிக்குப் போனபோது, பள்ளிக் கணக்கில் மற்றப் பிள்ளைகளைவிட முன்னே இல்லை.

விளையாட்டை நேசிக்கும் எவருக்கும் இது வலிக்கும் செய்தி. எனக்கும் வலித்தது. ஆனால் காரணத்தை யோசித்தால் வழி தெரிகிறது. அந்த விளையாட்டுகள் அளவைக் கண்ணால் உணரப் பழக்கின. பள்ளி கேட்பதோ எண்ணின் பெயரையும் எழுத்தையும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஓடையைப் பிள்ளை தானாகத் தாண்டிவிடும் என்று நம்பிவிட்டோம். யாராவது அங்கே பாலம் போட்டிருக்க வேண்டும்.

2025-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு இதையே வேறு பக்கமிருந்து காட்டியது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் காய்கறி விற்கும் பிள்ளைகள், கிலோ இன்ன விலை, இவ்வளவு கிராம், மீதிச் சில்லறை இவ்வளவு என்று மனத்திலேயே சரியாகப் போடுகிறார்கள். அதே அளவுக் கணக்கைத் தாளில் பள்ளிக்கூட முறையில் எழுதிக் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கம் வாழ்க்கைக் கணக்கு, இன்னொரு பக்கம் எழுத்துக் கணக்கு, நடுவில் வழி இல்லை. நம் வட்டாரத்திலும் அம்மாவோடு சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் போய்வரும் பிள்ளைக்கு முழக்கணக்கும் விலைக்கணக்கும் தெரியும். அது அவன் சிலேட்டுக்கு வந்து சேருகிறதா என்று நாம் யாரும் கேட்பதில்லை.

ஆக, குழியில் இருக்கும் எண்ணைச் சிலேட்டுக்குக் கொண்டுவருவதுதான் பெரியவர்கள் வேலை. அதையும் ஆட்டத்தைக் கலைக்காமல் செய்ய வேண்டும். விளையாடும் பிள்ளையை நடுவில் நிறுத்தி, “இது எத்தனை? எங்கே எழுது பார்ப்போம்” என்று கேட்டால் விளையாட்டும் போய்விடும், கணக்கும் வராது.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு சென்னைக்கே வந்திருக்கிறது. 1939-இல் மரியா மாண்டிசோரி அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய கருவிகளில் தடுப்புகள் உள்ள ஒரு பெட்டி உண்டு. தடுப்புகளின்மேல் பூச்சியம் முதல் ஒன்பது வரை எழுதியிருக்கும். கூடவே நாற்பத்தைந்து கட்டைகள். 1 என்ற இடத்தில் ஒன்று, 2 என்ற இடத்தில் இரண்டு என்று பிள்ளை போட்டுக்கொண்டே போகும். பூச்சியத்தின் இடம் காலியாகவே இருக்கும். எல்லாம் சரியாகப் போட்டால் கட்டை மிஞ்சாது, குறையாது. தவறு நேர்ந்தால் பெட்டியே சொல்லிவிடும், டீச்சர் சொல்லவேண்டியதில்லை. அதைப் பார்த்தபோது, எண் எழுதிய பல்லாங்குழி என்றுதான் எனக்குத் தோன்றியது. நம்மிடம் குழி இருக்கிறது, முத்து இருக்கிறது. எழுத்து ஒன்றுதான் சேர வேண்டும்.

அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே உதவும். ஒரே நேர்வரிசையில் ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிய அட்டை. ஏழைக் குடும்பத்து நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால்மணி நேரம் போல, அதில் காய் நகர்த்தி ஆடினார்கள். எண்களின் வரிசையும் பெரிது சிறிது என்ற ஒப்பீடும் கணிசமாக மேம்பட்டன. எண்ணுக்குப் பதிலாக நிறம் பூசிய அட்டையில் ஆடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. காய் ஐந்தில் இருந்து, இரண்டு விழுந்தால், “ஒண்ணு, ரெண்டு” என்று நகர்த்தக்கூடாது. கட்டத்தில் உள்ள எண்ணைப் படித்து, “ஆறு, ஏழு” என்று நகர்த்த வேண்டும்.

நம் வீட்டுப் பரமபதத்தில் இதை இன்றைக்கே செய்யலாம். அட்டையில் எண் இருக்கிறது, யாரும் அதைப் படிப்பதில்லை. பிள்ளை பதினாறில் நிற்கிறது, மூன்று விழுந்தது. “பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது” என்று சொல்லிக்கொண்டே நகர்த்தச் சொல்லுங்கள். பாம்பு கடித்தாலும் ஏணி ஏறினாலும் எங்கிருந்து எங்கே வந்தோம் என்று அதன் வாயாலேயே வரட்டும். இருபத்தொன்பதுக்கு அடுத்து, “இருபத்துப் பத்து” என்று பிள்ளை சொல்லும். சிரித்துவிடாதீர்கள். வரிசைக்குள் இருக்கும் ஒழுங்கைப் பிடித்துவிட்ட பிள்ளைதான் அப்படிச் சொல்லும். முப்பது என்று எடுத்துக்கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

பல்லாங்குழியில் எழுத்தைச் சேர்க்க எளிய வழி, வென்ற முத்தின் கணக்கைச் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் எழுதி வைப்பது. பெரியவர்கள் சீட்டாடும்போது புள்ளி எழுதி வைப்பதில்லையா? பிள்ளைக்கும் அது வேண்டும். நேற்று 32, இன்றைக்கு 36 என்று அவள் கையால் எழுதிய எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. நோட்டில் நூறு தடவை எழுதிய 36-க்கு அந்தக் காரணம் கிடையாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் வேண்டாம். நான்கே குழி, குழிக்கு மேல் 1, 2, 3, 4 என்று எழுதிய சீட்டு, கையில் பத்து முத்து. சீட்டில் உள்ளபடி போட்டால் பத்தும் சரியாகத் தீரும்.

அரசுப் பக்கமும் பேசியாக வேண்டும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. சத்துணவோடு முன்பருவக் கல்வியும் அதன் கடமை. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. அட்டை, மணி, குச்சி எல்லாம் அப்போதுதான் வகுப்பறைத் தரைக்கு இறங்கின. கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூனில், எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்குத் தக்க பாடம் நடத்துகிறார்கள். இவற்றில் குறைகள் உண்டு. பதிவேடும் செயலியும் ஆசிரியரின் நேரத்தை அள்ளிக்கொண்டு போகின்றன. ஆனால் திசை சரியான திசைதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் நம்மேல்தான், பெற்றோர்மேல்தான். அங்கன்வாடியில் பிள்ளை விளையாடுகிறது என்று கேள்விப்பட்டால், “அங்க என்ன சொல்லிக் கொடுக்காங்க, சும்மா விளையாடத்தான் விடுதாங்க” என்று, கடன் வாங்கியாவது வேனில் ஏற்றி நர்சரிக்கு அனுப்புகிறோம். அங்கே மூன்றரை வயதுப் பிள்ளையின் நோட்டில் நூறு வரை எழுதியிருந்தால் கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்தப் பிள்ளையிடம் ஏழு புளியமுத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். நோட்டு சொல்லாததை அது சொல்லிவிடும். பென்சிலை இறுகப் பிடித்து வலிக்கும் அந்தச் சின்ன விரல்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வருகிறது. இதை அவையில் மறைக்க விரும்பவில்லை.

பையன்களின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பல்லாங்குழியும் சொட்டாங்கல்லும் பெண்பிள்ளை ஆட்டம் என்று ஒதுக்கிவிட்டதால், பையன்கள் இழந்தது நிறைய. கோலியிலும் பம்பரத்திலும் கணக்கு உண்டு, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. அக்காளும் தம்பியும் ஒரே பலகையில் உட்காரட்டும்.

நடைமுறைக்குச் சில எச்சரிக்கைகள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் முத்தை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். அவர்களுக்குப் பெரிய மூடிகளையும் தேங்காய்ச் சிரட்டையையும் கொடுங்கள். சோழியும் கோலியும் பெரியவர் கண்பார்வையிலேயே இருக்கட்டும். குன்றிமணி நச்சுள்ளது, அதை அறவே தவிர்த்துவிடுங்கள். எந்த ஆட்டமும் கால்மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம். பிள்ளை எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள்.

இந்த ஊராட்சியிடம் ஒரு கோரிக்கை வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். அங்கன்வாடி மையத்தின் முன்தரைக்கு அடுத்த முறை சிமெண்டு பூசும்போது, காய்வதற்குள் இரண்டு பல்லாங்குழி பதித்துவிடுங்கள். சிரட்டையை அழுத்தி எடுத்தால் குழி வந்துவிடும், தனிச் செலவு இல்லை. ஓரத்தில் ஒரே நேர்வரிசையாக ஒன்று முதல் இருபது வரை கட்டம் போட்டு எண் எழுதுங்கள். பெயிண்ட் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். மழையில் குழியில் தண்ணீர் தேங்காமல் இருக்கத் தாழ்வாரத்துக்கு உள்பக்கமாகப் பதிப்பது நல்லது. வாசலருகே மேசையில் பலகையும் முத்தும் எண் சீட்டுகளும் வைத்திருக்கிறேன். மீதி நேரத்தில் அங்கன்வாடிப் பணியாளர்கள் அங்கே வாருங்கள், ஆடிக்கொண்டே உங்கள் கேள்விகளைப் பேசலாம்.